முதல் மரப்பந்து: கையால் கடைவதா, குழாயா, ஜிக்கா?

கேரளத்துப் புனலூரில் இருக்கும் என் மைத்துனர் சிறிய மரக் கடைசல் இயந்திரம் ஒன்றை வாங்கினார். வாங்கிய மறுநாளே தொலைபேசியில் கேட்டார்: “அத்தான், ஒரு பந்து கடைய ஆசை. அதற்கென்றே ஜிக் விற்கிறார்களாம். வாங்கிவிடட்டுமா, கையாலேயே கடைந்து பார்க்கட்டுமா?” ஜிக் என்பது உளியை வட்டப் பாதையில் நகர்த்தும் துணைக்கருவி. உடனே பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கட்டில் கால், குமிழ், பம்பரம் எல்லாம் கடைந்து பழகியவருக்கும் பந்து புதிய வேலைதான். கட்டில் காலில் ஒரு வளைவு அரை மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் பார்க்கிறவர் குறை காணமாட்டார். பந்தில் அந்தச் சலுகை கிடையாது. உள்ளங்கையில் வைத்து உருட்டினால் ஐந்து வயதுக் குழந்தைகூட “இங்கே தட்டையாக இருக்கிறது” என்று சொல்லிவிடும்.

நான் செங்கோட்டைக்காரன். இந்த ஊர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. பழைய வீடுகளின் மரவேலையில் இன்றும் அது தெரியும். என் அம்மாவைப் பெற்ற தாத்தா வீட்டு மாடிப்படியின் அடித்தூண் உச்சியில் பலா மரத்தில் ஒரு பந்து இருந்தது. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் படியிறங்கும்போது கை வைத்துத் திரும்பித் திரும்பி, கண்ணாடி போல் வழவழப்பாகியிருந்த பந்து. அது பிளந்துபோனபோது புதிதாக ஒன்று கடைந்து வைப்பது என்று நான்தான் முன்வந்தேன். முதல் இரண்டும் வீணாயின. மூன்றாவது அந்தத் தூணில் இருக்கிறது. அதன் பிறகு எத்தனையோ கடைந்துவிட்டேன். கை, குழாய், ஜிக் என்ற மூன்று வழிகளிலும் கடைந்து பார்த்தேன். மைத்துனருக்குச் சொன்னதை அதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காகவும் விரிவாக எழுதுகிறேன்.

தமிழில் மோரைக் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். சொல் ஒன்றாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. மின்மோட்டார் வருவதற்கு முன் கடைசல் பட்டறையில் ஒருவர் கயிற்றை மத்தில் இழுப்பதுபோல் முன்னும் பின்னும் இழுப்பார். மரம் ஒரு பக்கம் சுழன்று மறுபக்கம் திரும்பும். உளி பிடித்தவர் மரம் தன்னை நோக்கிச் சுழன்று வரும் இழுப்பில் மட்டும் வெட்டுவார். அம்பாசமுத்திரத்துச் செப்புச் சாமான்கள், அந்தச் சின்னஞ்சிறு குடமும் உரலும் உலக்கையும், அந்தக் கைப்பழக்கத்தில் பிறந்தவை. கண்ணால் வடிவம் பிடிக்கும் அந்தப் பழக்கத்தைப் பந்து கடைகிறவர் மறந்துவிடக் கூடாது. என் முடிவு எதை நோக்கிப் போகிறது என்பது இங்கேயே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் பந்தின் இயல்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உருண்டையை எந்தத் திசையில் நேராக அறுத்தாலும் அறுத்த முகம் வட்டமாகத்தான் இருக்கும். வேறு எந்த வடிவத்துக்கும் இது பொருந்தாது. கையால் கடைகிறவர் பந்தைத் திருப்பித் திருப்பி வைத்து ஒவ்வொரு திசையிலும் வட்டமாக்குகிறார். குழாயால் சுரண்டுகிறவர் ஒரு வட்ட விளிம்பைப் பந்தின் மேல் எல்லாத் திசையிலும் ஓட்டுகிறார். ஜிக் வைத்திருப்பவர் உளி முனையையே ஒரு மையத்தைச் சுற்றி வட்டமாக நகர்த்துகிறார். மூன்றும் இந்த ஒரே உண்மையின் மூன்று பயன்பாடுகள்.

கையால் கடைவதில் கண் மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் உருளைக்கிழங்கு கடைவார்கள். கணக்கு வேண்டும், ஆனால் சிறிய கணக்கு. 75 மி.மீ. பந்து என்று வைத்துக்கொள்வோம். 85 மி.மீ. சதுரத்தில் 140 மி.மீ. நீளமுள்ள கட்டையை இயந்திரத்தின் இரு சென்டர்களுக்கும் (கட்டையை இரு முனையிலும் பிடிக்கும் கூர்களுக்கும்) நடுவில் பூட்டி, 75 மி.மீ. விட்டமுள்ள உருளையாக்குங்கள். அதன் நடுவில் சுற்றிலும் ஒரு பென்சில் கோடு. அதிலிருந்து இரு பக்கமும் 37.5 மி.மீ. தள்ளி இரண்டு கோடுகள். இந்த இரண்டு வெளிக்கோடுகளுக்கும் வெளியே ஒடுக்கமான வெட்டு உளியால் இறங்கி, இரு முனையிலும் 20 மி.மீ. பருமனுக்குக் காம்பு விட்டுவிடுங்கள். கோட்டின் மேலேயே வெட்டினால் உளியின் அகலத்தில் ஒரு பங்கு பந்தின் நீளத்திலிருந்து போய்விடும். நீளம் 73 ஆகிவிட்டால் 75 மி.மீ. பந்து இனி கிடையாது, முழுப் பந்தையும் 73க்கு இறக்க வேண்டும். புதியவர்கள் செய்யும் பிழைகளில் அதிகம் நான் பார்த்தது இதுதான்.

அடுத்து மூலைகள். விட்டத்தை 0.293ஆல் பெருக்குங்கள். 75க்கு 22 மி.மீ. வரும். உருளையின் இரு விளிம்பிலிருந்தும் உள்நோக்கி 22 மி.மீ. அளந்து ஒரு கோடு. முனை முகத்திலும் விளிம்பிலிருந்து மையத்தை நோக்கி 22 மி.மீ. அளந்து ஒரு கோடு. இந்தக் கோட்டையும் அந்தக் கோட்டையும் இணைத்து மூலையை நேராகச் சீவிவிட்டால் பக்கவாட்டுத் தோற்றம் எண்கோணமாகிவிடும். ஒவ்வொரு பக்கமும் 31 மி.மீ. இருக்கும். காலிப்பர் (விட்டமும் நீளமும் அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். இப்போது எண்கோணத்தின் ஒவ்வொரு மூலைக்கும் இரு பக்கமும் 8 மி.மீ. தள்ளிக் கோடிட்டு அந்த மூலைகளையும் சீவினால் பதினாறு பக்கம், ஒவ்வொன்றும் 15 மி.மீ. அதற்கு மேல் கணக்கு வேண்டாம். மிச்சம் இருக்கும் மெல்லிய மேடுகளை உளி தானாகவே வளைவாக எடுத்துக்கொள்ளும். எவ்வளவு அவசரமாக இருந்தாலும் எண்கோணப் படியைத் தாண்டாதீர்கள். நேராக வளைவுக்குப் போகிறவர் கை எப்போதும் தோள்பகுதியை அதிகமாக எடுத்துவிடும், பந்து எலுமிச்சம்பழம் ஆகிவிடும்.

இதுவரை செய்தது பாதி வேலை. காம்புகளை அறுத்துவிட்டால் இரு துருவங்களிலும் இரண்டு மேடுகள் நிற்கும். என் முதல் பந்தில் அவற்றை அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்த்துத் தீர்த்துவிடலாம் என்று நினைத்தேன். ஒரு மாலை முழுக்கத் தேய்த்தேன். நாரின் வெட்டுமுகம் கடினமானது, அசையாது. அதைச் சுற்றியிருந்த மெதுவான பக்கம் மட்டும் தேய்ந்து பள்ளமானது. அன்று புரிந்தது: துருவங்களையும் கடைந்துதான் எடுக்க வேண்டும். அதற்குப் பந்தை 90 பாகை திருப்பி, பழைய துருவங்கள் பக்கவாட்டில் வரும்படி மறுபடியும் பூட்ட வேண்டும். ஆனால் உருண்டையான பொருளை எதில் பூட்டுவது?

இங்கேதான் கிண்ணங்கள் வருகின்றன. 50 மி.மீ. விட்டமுள்ள இரண்டு மரத்துண்டுகளின் முகத்தைக் குழித்துக் கிண்ணம் போலக் கடைந்துகொள்ளுங்கள். ஒன்று மோட்டார் சுழற்றும் முனையான ஹெட் ஸ்டாக்கில், மற்றது எதிர் முனையான டெயில் ஸ்டாக்கில் சுழலும் சென்டரின் மேல். கிண்ணத்தின் விளிம்பு மட்டுமே பந்தைத் தொட வேண்டும், அடிப்பாகம் தொடக் கூடாது. விளிம்பில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டிவிட்டால் பிடிப்பும் கிடைக்கும், பந்தில் தழும்பும் விழாது. பந்து இரண்டு கிண்ணங்களுக்கும் நடுவில் உராய்வினால் மட்டும் சுழல்கிறது. உளி மரத்தில் கடித்துக்கொண்டால் பந்து வழுக்கி நின்றுவிடும். முட்கள் குத்திப் பிடிக்கும் சென்டரில் பூட்டிய மரம் அப்படி நிற்காது, உளியை இழுத்துக்கொண்டு போகும். புதியவருக்கு இந்த வழுக்கலே பெரிய பாதுகாப்பு.

கிண்ணத்தில் திருப்பிப் பூட்டி இயந்திரத்தை ஓட்டியதும் நான் மிகவும் விரும்பும் காட்சி தெரியும். பந்தின் நடுவில் திடமான உருவம், அதைச் சுற்றி மங்கலான நிழல் போல் ஓர் உருவம். அந்த நிழல்தான் அதிகப்படியான மரம். பழைய துருவங்களின் மேடுகள் சுற்றும்போது நிழலாகத் தெரிகின்றன. பின்னால் கறுப்புத் துணி ஒன்றைத் தொங்கவிட்டு, பக்கத்திலிருந்து விளக்கு வைத்தால் நிழலின் எல்லை துல்லியமாகத் தெரியும். நிழலை மட்டும் எடுங்கள், திடத்தைத் தொடாதீர்கள். முன்பு நடுவில் போட்ட பென்சில் கோடு இப்போது ஒரு கிண்ணத்திலிருந்து மறு கிண்ணத்துக்கு நீளவாக்கில் ஓடுகிறது. அந்தக் கோடுதான் பந்தின் உண்மையான வளைவு. நிழல் சுருங்கிச் சுருங்கி அந்தக் கோட்டை வந்து தொடும்போது நிறுத்த வேண்டும். இயந்திரத்தை நிறுத்திப் பார்த்தால் கோடு மெல்லிய தடமாக மிச்சமிருக்க வேண்டும். கோடு முழுதும் அழிந்துபோனால் அளவுக்கு மேல் இறங்கிவிட்டீர்கள். பிறகு இன்னொரு திசையில் திருப்புங்கள், மறுபடியும் நிழல் பாருங்கள். நான்கைந்து முறை திருப்பிய பிறகு நிழலே தெரியாது.

உளி ஓட்டும் திசையில் ஒரு நுட்பம் இருக்கிறது. முதல் பூட்டில் மரத்தின் நார் இயந்திர அச்சோடு இணையாக ஓடுகிறது, அப்போது பெரிய விட்டத்திலிருந்து சிறிய விட்டத்துக்கு, அதாவது நடுவிலிருந்து துருவத்துக்கு வெட்ட வேண்டும். 90 பாகை திருப்பிய பிறகு நார் அச்சுக்குக் குறுக்கே நிற்கிறது. இப்போது அதே பழக்கத்தில் வெட்டினால் நார் பிய்ந்து முள்முள்ளாக எழும்பும். கிண்ணப் பக்கத்திலிருந்து நடுவை நோக்கி, சிறியதிலிருந்து பெரியதுக்கு வெட்ட வேண்டும். ‘உளி எல்லாம் கூராகத்தானே இருக்கிறது, ஏன் பிய்கிறது’ என்று சாணைக்கல்லுக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் நான் நடந்த நாட்கள் உண்டு. கூர் போதவில்லை என்பது சில நேரம் உண்மை. பல நேரம் திசைதான் காரணம்.

இரண்டாவது வழி குழாய். ஒன்றரை அங்குல ஜி.ஐ. குழாயின் வெளிவிட்டம் சுமார் 48 மி.மீ. 75 மி.மீ. பந்துக்கு அது பொருத்தமான அளவு, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. குழாயின் முனையை இரும்புக் கடைசல் பட்டறையில் கொடுத்து நேராக முகம் வெட்டச் சொல்லுங்கள். பந்தைத் தொடுவது குழாயின் உள்விளிம்புதான். ஆகவே வெளிப்பக்கத்தைச் சாய்த்துச் சீவி உள்விளிம்பைக் கூராக்க வேண்டும். முதலில் எண்கோணம் வரை கையால் கடைந்துகொண்டு, சுழலும் பந்தின் மேல் குழாயின் வாயை மெதுவாக வைத்து இடமும் வலமும் மேலும் கீழும் அசைத்தால் மேடுகள் மட்டும் தூளாக உதிரும். மேடு தீர்ந்த இடத்தில் விளிம்பு சும்மா வழுக்கும். கை நடுங்குகிறவருக்கும் உருண்டை வந்துவிடும் என்பது இதன் பெருமை.

குறைகளும் உண்டு. குழாய் சுரண்டுகிறதே தவிர வெட்டுவதில்லை. வெட்டுமுகத்தில் நார் கசங்கி, உப்புத்தாளில் அதிக நேரம் தேய்க்க வேண்டிவரும். சாதாரண இரும்பு என்பதால் சீக்கிரம் மழுங்கும். அளவும் கையில் நிற்காது: உருண்டை வரும், ஆனால் 75 வேண்டும் என்று தொடங்கி 71இல் நிற்பீர்கள். தூணில் பொருத்த ஒரு பந்து போதும் என்பவருக்கு அது பொருட்டில்லை. ஒரே அளவில் நான்கு பந்து வேண்டியவருக்கு ஒத்துவராது.

ஆனால் குழாயை அளவுகோலாகப் பயன்படுத்துவதில் எனக்கு இருக்கும் பற்று வேறு எந்தக் கருவியிலும் இல்லை. 50 மி.மீ. பி.வி.சி. குழாயில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வளையம் அறுத்து, அதன் முகத்தைக் கண்ணாடி மேல் ஒட்டிய உப்புத்தாளில் தேய்த்துச் சமமாக்குங்கள். நிறுத்திய பந்தின் மேல் அந்த வளையத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். உருண்டை சரியாக இருந்தால் விளிம்பைச் சுற்றி ஒரு மயிரிழை வெளிச்சமும் கசியாது. கசிந்தால் அந்த இடம் பள்ளம். வளையம் ஆடினால் அடியில் மேடு. காலிப்பர் இரண்டு புள்ளிகளைத்தான் சொல்லும், வளையம் ஒரு வட்டம் முழுவதையும் ஒரே பார்வையில் சொல்லிவிடும்.

இனி மைத்துனர் கேட்ட ஜிக். இயந்திரத்தின் அடித்தளமான பெட்டில் ஒரு தட்டு, அதில் நிமிர்ந்த ஓர் அச்சாணி, அதைச் சுற்றித் திரும்பும் கை, கையின் நுனியில் உளி. கைப்பிடியை இடமிருந்து வலமாகத் திருப்பினால் உளி முனை கிடைமட்டமாக ஒரு வில் போடுகிறது. ஒவ்வொரு முறையும் அரை மில்லிமீட்டர் உள்ளே நகர்த்தி வெட்டிக்கொண்டே போனால் பந்து பிறக்கிறது. நன்றாகப் பொருத்திய ஜிக் தரும் துல்லியத்தைக் கையால் எட்டுவது கடினம் என்பதை மனதார ஒப்புக்கொள்கிறேன். ஒரே அளவில் இருபது பந்து வேண்டும், கடைக்கு விற்க வேண்டும் என்றால் தயங்காமல் வாங்குங்கள்.

‘நன்றாகப் பொருத்திய’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அச்சாணி இயந்திர அச்சுக்கு நேர் கீழே நிற்க வேண்டும். அது உங்கள் பக்கம் ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் நடுப்பகுதி பருத்துத் துருவங்கள் தட்டையாகி ஆப்பிள் போல் வரும். அந்தப் பக்கம் தள்ளியிருந்தால் துருவங்கள் கூர்மையாகி எலுமிச்சம்பழம். உளி முனையின் உயரமும் அச்சுக்குச் சமமாக இருக்க வேண்டும். இதைச் சரிபார்க்கத் தெரிய வேண்டுமானால் சரியான பந்து எப்படி இருக்கும், தவறு எந்தத் திசையில் தெரியும் என்று கண்ணுக்கு முன்பே பழக்கம் இருக்க வேண்டும். முதல் பந்து கடைகிறவரிடம் அந்தப் பழக்கம் இருக்காது. விலை இன்னொரு விஷயம், அதை அவரவர் வசதிக்கு விட்டுவிடுகிறேன்.

இதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது, விற்பவர்கள் இதைப் பேசுவதில்லை. ஜிக்கில் கடைந்தாலும் மரத்தை எங்கேயோ ஒரு முனையிலாவது பிடித்திருக்க வேண்டும். பிடித்த இடத்தில் காம்பு மிச்சமாகும். அதை எடுக்கப் பந்தைத் திருப்பிப் பூட்ட வேண்டும். திருப்பிப் பூட்டக் கிண்ணம் வேண்டும். குழாய் வழியிலும் இதே கதைதான்: கிண்ணம் மறைத்திருக்கும் இடத்துக்குக் குழாய் போகாது, திருப்பியாக வேண்டும். ஆக எந்த வழியில் போனாலும் கடைசியில் இரண்டு கிண்ணங்களுக்கு நடுவில் பந்தை வைத்து நிழல் பார்த்துத்தான் முடிக்கப் போகிறீர்கள். அப்படியிருக்க முதல் நாளிலேயே கிண்ணத்தைக் கடைந்து அந்த வேலையைக் கற்றுக்கொள்வதே என் பரிந்துரை. கையால் எண்கோணம், கிண்ணத்தில் நிழல், சரிபார்க்க வளையம். இந்த மூன்றோடு ஐந்தாறு பந்து கடைந்த பிறகும் ஜிக் வேண்டும் என்று தோன்றினால் அப்போது வாங்குங்கள். அதைப் பொருத்தும் கண் அப்போது உங்களிடம் இருக்கும்.

பட்டறையில் கொடுத்துக் கடைந்து வாங்குவதும் ஒரு வழிதானே என்று கேட்பவர்கள் உண்டு. பந்து மட்டும் தேவை என்றால் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் கருங்காலி மாலைக்கு மணி கடைந்து பழகிய பட்டறையில் ‘சின்ன மணி கடைகிறாரே, பெரிய பந்தும் கடைவார்’ என்று எண்ணிவிடாதீர்கள். மணியின் வளைவை அதே வளைவுக்குத் தீட்டிய உளியால் ஒரே அழுத்தில் எடுத்துவிடலாம். 75 மி.மீ. பந்துக்கு அப்படி ஓர் உளி வைத்து அழுத்தினால் மரமும் உளியும் அதிரும். கிண்ணத்தில் திருப்பிக் கடைவீர்களா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

மரத்தைப் பற்றி இன்னும் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் இரண்டாவது பந்து மரத்தால்தான் கெட்டது. பச்சைப் பலாக் கட்டை. கடைவதற்கு வெண்ணெய் போல் இருந்தது, நீளமான ஈரச் சுருளாக வந்து தோளில் விழுந்தது. வளையம் வைத்துப் பார்த்தேன், வெளிச்சம் கசியவில்லை. மகிழ்ச்சியோடு அலமாரியில் வைத்தேன். சித்திரை வெயில் முடிந்து எடுத்துப் பார்த்தபோது அது முட்டை வடிவில் இருந்தது. மரம் நார் ஓடும் நீளத்தில் கிட்டத்தட்டச் சுருங்குவதே இல்லை, குறுக்கேதான் சுருங்கும். அதிலும் வளர்ச்சி வளையத்தை ஒட்டிச் சுருங்குவது மையத்தை நோக்கிச் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. குறுக்கே 5 சதவீதம் சுருங்கினால்கூட 75 மி.மீ. பந்தில் நான்கு மில்லிமீட்டர் அளவுக்குப் போய்விடும். குற்றாலச் சாரல் எங்கள் ஊர்வரை அடிக்கும் ஆனி ஆடி மாதங்களில் காய்ந்த மரமும் ஈரம் குடித்துச் சற்று உப்பும். ஆகவே காய்ந்த கட்டையையே வாங்கி, அதையும் கடையும் அறையில் சில வாரங்கள் போட்டுவைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

தமிழ்நாடு கேரள எல்லையின் இரு பக்கமும் மலிவாகக் கிடைப்பது ரப்பர் மரம். இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் பால் வடித்த பிறகு வெட்டப்படும் மரங்கள். எல்லையோரப் புளியரை வழியாக லாரிகளில் இறங்குவதைப் பார்க்கலாம். நிறம் வெளிர் மஞ்சள், நார் பெரும்பாலும் நேர், உளிக்கு அடங்கும். பழகுவதற்கு நல்ல மரம். ஆனால் அதில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய சில நாட்களிலேயே பூஞ்சை பிடித்து நீலக்கறை ஏறும், பிறகு வண்டு துளைக்கும். பொராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் ஏற்றி, சூளையில் உலர்த்திய கட்டைதான் நிற்கும். நான் ஒருமுறை விறகு விலையில் கிடைத்ததே என்று பதப்படுத்தாத கட்டை வாங்கி, நான்கு பந்து கடைந்தேன். ஆறு மாதத்தில் பந்துகளின் அடியில் மாவு போன்ற தூள் கொட்டிக் கிடந்தது. சாம்பல் நீலத் திட்டோ ஊசித் துளையோ இருக்கும் கட்டையைத் தொடாதீர்கள்.

தேக்கு வேண்டாம் என்பேன், முதல் பந்துக்கு மட்டும். மரத்தில் சிலிக்கா இருப்பதால் உளியின் கூரைத் தின்றுவிடும். கூர் எப்போது போயிற்று என்று உணரத் தெரியாத கைக்கு அது பகை. தூளும் சிலருக்குத் தோலில் அரிப்பு தரும். பூவரசும் காய்ந்த பலாவும் நன்றாகக் கடையும், ஆனால் நார் திசை மாறிய துண்டுகள் வரும். பார்த்து எடுக்க வேண்டும்.

எனக்குப் பிடித்தவை இரண்டு. ஒன்று மஞ்சள் கடம்பு, அம்பாசமுத்திரத்துச் செப்புக்குக் காலங்காலமாக ஆகிவந்த மரம். மெல்லிய, சீரான அடர்த்தி. வெட்டுமுகத்துக்கும் பக்கத்துக்கும் அதிக வேறுபாடு இல்லாததால் பந்தில் எல்லாத் திசையிலும் உளி ஒரே மாதிரி பேசும். மற்றது வெட்பாலை. இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதாவாகுமே, தோல் நோய்க்குத் தடவுவார்களே, அதே மரம். கர்நாடகத்துச் சன்னபட்டணாவிலும் ஆந்திரத்து ஏட்டிகொப்பாக்காவிலும் பொம்மை கடைவது இதில்தான். பால் வெள்ளை நிறம், மென்மை. ஆனால் பெரிய பருமனில் நல்ல காய்ந்த கட்டை கிடைப்பது அரிது, 60 மி.மீ. பந்துக்குக் கிடைத்தால் அதிர்ஷ்டம். முதல் இரண்டு பந்து பதப்படுத்திய ரப்பரில், மூன்றாவது கடம்பில் அல்லது வெட்பாலையில் என்பதே நான் சொல்லும் வரிசை.

அளவு 60 முதல் 75 மி.மீ. வரை போதும். அதற்குக் கீழே போனால் கிண்ணம் பந்தை மூடிக்கொண்டு உளிக்கு இடம் இருக்காது. 100க்கு மேல் போனால் எடை கூடிப் பிடிப்பு வழுக்கும். வேகம்: சதுரக் கட்டையை உருளையாக்கும்போது நிமிடத்துக்கு 800 சுற்று, பிறகு 1500 வரை ஏற்றலாம். கிண்ணத்துக்கு மாறியதும் மறுபடி 600இல் தொடங்கி, மேடு தீர்ந்த பிறகே 1000க்கு மேல் போங்கள். உளி தாங்கியை மரத்துக்கு நெருக்கி வைத்துக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்த பிறகே சுவிட்சைத் தொட வேண்டும். முகத்துக்கு முழுக் கவசம், மூக்குக்குத் துணி. தோளில் துண்டு, கையுறை, தொங்கும் வேட்டி நுனி, துப்பட்டா, மணிக்கட்டில் கட்டிய கோயில் கயிறு எதுவும் கூடாது. கயிற்றை அவிழ்க்க மனம் வராதவர்கள் முழங்கைக்கு மேல் ஏற்றி இறுக்கிக் கட்டி, அதன் மேல் சட்டைக் கையைப் போட்டு மூடிக்கொள்ளுங்கள். கயிறு சுழலும் மரத்தில் சிக்கினால் கை அதன் பின்னால் போகும்.

மெருகு பற்றிச் சுருக்கமாக. உப்புத்தாள் 120, 180, 240, 320 என்று படிப்படியாக, ஒவ்வொரு எண்ணிலும் பந்தை இரண்டு திசைக்குத் திருப்பி. அப்போது உளி தாங்கியைக் கழற்றிவிடுங்கள். அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தில் அழுத்தி, உராய்வுச் சூட்டில் உருகவிட்டு, தாழை மடலால் பரப்பும் மெருகு அழகானதுதான். ஆனால் அதற்கு வேகமும் அழுத்தமும் வேண்டும், கிண்ணப் பிடி தாங்காது. முதல் பந்துக்குத் தேன்மெழுகைத் துணியில் தொட்டுத் தேய்த்தால் போதும்.

மைத்துனர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி வந்தார். 2018இல் அகலப் பாதை வந்த பிறகு புனலூரிலிருந்து மலையைத் தாண்டி வருவது எளிதாகிவிட்டது. பையில் பதப்படுத்திய ரப்பர்க் கட்டை மூன்று, ஒரு பழைய சைக்கிள் டியூப். காலையில் கிண்ணங்களைக் கடைந்தோம், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் எண்கோணம் வந்துவிட்டது. கறுப்புத் துணிக்கு முன்னால் நிழலைப் பார்த்ததும் அவர் உளியைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நின்றார். “இது இவ்வளவு தெளிவாகத் தெரியும் என்று நீங்கள் சொல்லவே இல்லையே, அத்தான்” என்றார். மாலை ஐந்து மணிக்குக் காலிப்பரில் அளந்தோம். ஒரு திசையில் 73.8, மறு திசையில் 73. வளையத்தை வைத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தார். ஒரே ஓர் இடத்தில் நகத்தளவு வெளிச்சம் கசிந்தது. அந்த இடத்தைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டுவிட்டு, பந்தை அடுத்த திசைக்குத் திருப்பிக் கிண்ணத்தில் வைத்தார்.